முகமும் பின்னணியும்

புகைப்படத்தில் முகம் தெளிவாகவும் அதன் பின்னால் உள்ளவை மங்கலாகவும் அமைவதே அழகு என்னும் எண்ணம் இன்று பொதுமக்களிடையே வேரூன்றிவிட்டது. முன்னர் விலையுயர்ந்த கமராவும் அதனைக் கையாளும் பயிற்சியும் உடையோர்க்கே கைவந்த இவ்வித்தை, இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையால் எவருடைய கைத்தொலைபேசியிலும் ஒரு விரல் தொடுகையில் நிகழ்ந்துவிடுகிறது. இதனை ஓர் இலக்கிய இதழில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். நானும் அண்மைக்காலம் வரை அவ்வாறே எண்ணியிருந்தேன். எஹலியகொட பகுதித் தோட்டமொன்றிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி கொண்டுவந்த படம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

பத்தாந் தர மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியொன்று கொடுத்திருந்தேன். குடும்பத்தவர் ஒருவரின் படத்தைக் கொண்டுவந்து, அதில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வருணித்து எழுதவேண்டும் என்பது விதி. அம்மாணவி தன் தாயின் படத்தை நகரத்துக் கடையில் அச்சிட்டுக் கொண்டுவந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்த கோலத்திலே, முதுகில் கூடையோடு, தாய் நின்றுகொண்டிருந்தார். முகம் மிகத் தெளிவு. கண்ணோரச் சுருக்கங்களைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பாலில் பச்சையும் சாம்பலும் கலந்து ஊற்றியது போன்ற ஒரு மூட்டம். கூடையின் ஒரு பக்க விளிம்பு அம்மூட்டத்திலே கரைந்திருந்தது. தலையிலிருந்து கூடைக்குச் செல்லும் கயிறு காதருகே வந்து, காற்றிலே முடிந்துபோயிருந்தது.

“பின்னால் என்ன பிள்ளை இருந்தது?” என்று கேட்டேன்.

“லயம் சேர். அதான் மங்கலாக்கிட்டேன்.”

ஏன் என்று கேட்டதற்கு அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “லயத்தப் பாத்தாங்கன்னா அம்மா மொகத்தப் பாக்க மாட்டாங்க சேர்.”

அன்று என்னிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. இக்கட்டுரை அம்மறுமொழியைத் தேடும் முயற்சியே ஆகும்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். கமராவின் வில்லை ஒரு குறிப்பிட்ட தூரத்திலுள்ள பொருளையே முழுத் தெளிவோடு காட்டும். அத்தூரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியும் படத்திலே சிறு வட்டமாக விரியும். வில்லையின் துவாரம் அகலுந்தோறும் அவ்வட்டம் பெரிதாகும், மங்கலும் மிகும். கைத்தொலைபேசியின் வில்லையோ மிகச் சிறியது. ஆகவே அருகிலுள்ள முகமும், அதன் பின்னுள்ள சுவரும், அப்பாலுள்ள மலையும் ஏறத்தாழ ஒரே தெளிவோடு அதில் விழும். ஏழையின் கைக்கும் எட்டிய இக்கருவி, இயல்பிலே எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கும் கருவி எனலாம்.

அச்சமநோக்கு வணிகத்துக்கு ஒரு குறையாகப் பட்டது. 2016ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 7 பிளஸ் தொலைபேசியில் இரண்டு வில்லைகளைப் பொருத்தி, அவ்விரண்டின் பார்வை வேறுபாட்டால் தூரத்தைக் கணித்துப் பின்புறத்தை மங்கலாக்கியது. அடுத்த ஆண்டில் கூகிள் நிறுவனம் தனது பிக்சல் 2 தொலைபேசியில் ஒரே வில்லையைக் கொண்டு அதனைச் செய்தது. எண்ணற்ற படங்களைக் காட்டி, இது ஆள், இது ஆளல்லாதது என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கணிப்பு முறை அதற்குத் துணைநின்றது. இன்று வழங்கும் கருவிகள் என்றோ எடுத்த பழைய படத்தையும் அவ்வாறே கையாளுகின்றன. முதலிலே ஆளைப் பிரித்தெடுக்கின்றன. பின்னர் எது எவ்வளவு தொலைவில் உள்ளது என ஊகிக்கின்றன. ஊகித்த அளவுக்கு மங்கலைப் பூசுகின்றன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். கண்ணாடி வில்லைக்குத் தூரம் மட்டுமே தெரியும், மதிப்புத் தெரியாது. அத்தாயின் முதுகோடு ஒட்டியிருந்த கூடையும் அவருடைய தோளும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தவை. உண்மையான வில்லை தோளைத் தெளிவாகக் காட்டியிருப்பின், கூடையையும் அவ்வாறே காட்டியிருக்கும். இயந்திரமோ தோளை ஆளென்று வைத்துக்கொண்டது. கூடையின் விளிம்பை ஆளல்லாதது என்று தள்ளிவிட்டது. நாள்தோறும் அப்பெண்ணின் தலையிலே பாரமாய்த் தொங்கும் கயிறு அவளைச் சேர்ந்ததன்று என்று தீர்ப்பளித்துவிட்டது! இதிலே இயந்திரத்துக்குப் பகையுமில்லை, பரிவுமில்லை. ஆயினும் செயற்கை மங்கல் என்பது ஒளியியல் விளைவன்று, ஒரு மதிப்பீடு என்பதற்கு அறுந்த அக்கயிற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை. படத்திலே எது முக்கியம், எது முக்கியமில்லை என்ற கேள்விக்கு யாரோ முன்கூட்டியே விடை சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அவ்விடை இயந்திரத்தோடு பிறந்ததன்று. மங்கலான படத்தைக் கலையாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையான ஒருவர் நம் தோட்டங்களோடு தொடர்புடையவர் என்பது பலர் அறியாத செய்தி. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களால் இலங்கை வரலாற்றில் இடம்பெற்ற கோல்புறூக், கமரன் ஆகிய இருவரையும் நம் மாணவர் பாடப்புத்தகத்தில் படிக்கின்றனர். அக்கமரனின் மனைவியே ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், தம் 48ஆம் வயதில் மகள் அளித்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். டென்னிசன், டார்வின், ஹேர்ஷெல் முதலிய பேரறிஞர்களின் முகங்களை இவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவை கூர்மையற்றவை, பிழையானவை என அக்காலத்துப் படக்கலைஞர் பலர் எள்ளினர். அவரோ மங்கலே தமது வழி என்று நின்றார்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறிய அவ்வம்மையார், களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879இல் டிக்கோயாவில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவிலே அவருடைய கல்லறை இருக்கிறது. குடும்பத்தின் செல்வம் கோப்பித் தோட்டங்களில் இடப்பட்டிருந்தது. இங்கே அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சில. களுத்துறைக் குடியானவர் என்ற பொதுப்பெயரோடு நிற்கும் ஒரு குழு அவற்றுள் ஒன்று. கலை என்ற வகையில் அப்படங்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. உழைப்பாளரின் முகத்தை, இங்கிலாந்துப் பெருமக்களின் முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு அவர் நோக்கியிருக்கிறார். ஆனால் டென்னிசன் டென்னிசனாகவே நிற்கிறார். இங்குள்ளவர்களோ குடியானவர் என்றே நிற்கின்றனர். 1877இல் களுத்துறைக்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் அவர் படமெடுத்தார். அப்படத்துக்குரிய பெயரும் கதையும் நமக்குத் தெரியும். எதிரே நின்ற உழைப்பாளியின் பெயர் தெரியாது. எந்தக் காலத்தில் எங்கிருந்து வந்தார், எந்தக் கூரையின் கீழ் உறங்கினார் என்பதும் தெரியாது. முகம் எஞ்சியது, வாழ்வு மங்கிவிட்டது.

கமரன் அம்மையாருக்காவது கலைநோக்கு இருந்தது. பின்னால் வந்த தேயிலை வணிகத்தின் மங்கலுக்கு அதுவும் இல்லை. கடையில் தொங்கும் தேயிலைப் பைக்கற்றை எடுத்துப் பாருங்கள். புன்னகை பூத்த ஒரு பெண். கையிலே இரண்டு இலையும் ஒரு குருத்தும். பின்னால் பனியோ பச்சையோ என்று பிரித்தறிய முடியாத ஒரு குளிர்ந்த மூட்டம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பேச்சிலே வழங்கும் காம்பரா அங்கே இல்லை. முதுகோடு முதுகாகக் கட்டிய லயமில்லை, தகரக் கூரையில்லை, பீலியடியில் குடத்தோடு நிற்கும் வரிசையில்லை. இவை தற்செயலாக விடுபட்டவை அல்ல. இலையை விற்பவனுக்கு அதைப் பறிக்கும் கை வேண்டும். அக்கைக்குரியவள் மாலையில் எங்கே திரும்பிச் செல்கிறாள் என்ற செய்தி வேண்டாம். எனவே என் மாணவியின் தொலைபேசி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பைக்கற்றின் மேல் நெடுங்காலமாக நடந்துவந்ததை, பறிப்பவளின் மகளே தன் கையால் செய்யுமாறு எளிதாக்கிவிட்டது. அவ்வளவே.

இத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். வணிகம் மறைக்கிறது, பிள்ளையும் அறியாமையால் மறைக்கிறாள், அவளுக்கு அறிவு புகட்டவேண்டும் என்று எழுதினால், முற்போக்கு வாசகர் சிலர் தலையசைக்கவும் கூடும். ஆனால் அது நேர்மையாகாது. ஏனெனில் அவள் சொன்ன வாக்கியம் அறியாமையில் பிறந்ததன்று. லயத்தைப் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அவள் சொன்னது மெய்.

தோட்டத்தைப் பற்றி அக்கறையோடு எடுக்கப்படும் படங்களையே எடுத்துக்கொள்வோம். அறிக்கைகளின் அட்டைகளிலும் பத்திரிகைகளின் சிறப்புப் பக்கங்களிலும் இடிந்த சுவரும் சேறு படிந்த முற்றமும் மிகத் தெளிவாக இருக்கும். அவற்றின் முன்னே ஒரு கிழவியோ மூக்கொழுகும் குழந்தையோ நிற்கும். அடியிலே பெயர் இராது. தோட்டத் தொழிலாளி என்ற ஒரு சொல் இருக்கும். அங்கே பின்னணி கூர்மையானது, மங்கியிருப்பது ஆள். வறுமைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்ட உடம்பு அது. இத்தகைய படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தன் தாயையாவது அக்காட்சிப் பொருள் நிலையிலிருந்து மீட்டெடுக்க முனைகிறாள். சப்ரகமுவத் தோட்டங்கள் மலைநாட்டைப்போல் நம்மவர் நிறைந்து வாழும் நிலப்பரப்பல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே, தேயிலையும் ரப்பருமாகச் சிதறிக் கிடப்பவை அவை. நகரத்து வகுப்புக்கும் கடைக்கும் போகுந்தோறும் லயம் என்னும் சொல் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். அந்நிலையில் ஒரு பெண்பிள்ளை தன் சுவரை மறைத்துக்கொள்வதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இலாபத்துக்காக மறைப்பவனையும் மானத்துக்காக மறைப்பவளையும் ஒரே தட்டில் வைப்பது விமர்சனமாகாது.

இதற்கு முன்னரும் நம்மவர் இவ்வாறு மறைத்ததுண்டு. 1823 தொடங்கிய இருநூறாண்டுகளை 2023இல் மலையக மக்கள் நினைவுகூர்ந்தபோது, பழைய படங்களைத் தேடி நாங்கள் சிலர் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சென்றோம். பெட்டிகளின் அடியிலிருந்து இரண்டு வகைப் படங்களே வெளிவந்தன. ஒன்று, நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த கலியாணப் படம்: தூண்களும் பூந்தொட்டிகளும் மாளிகைப் படிக்கட்டும் தீட்டிய திரையின் முன்னே, இரவல் கோட்டோடு மாப்பிள்ளை. மற்றையது, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என இரண்டு அரசுகள் பங்கிட்ட காலம் அது. அப்படங்களின் பின்புறம் வெறும் வெண்மை. எந்த நாட்டில் நிற்கிறார் என்று சொல்லாத வெண்மை. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அதைவிடப் பொருத்தமான திரை வேறொன்று இருந்திருக்க முடியாது!

மாளிகைத் திரையும் வெண்திரையும் கண்டோம். லயம் ஒரு படத்திலும் இல்லை. அந்தக் காம்பராக்களில் பிறந்து, சமைத்து, வழக்காடி, இறந்த தலைமுறைகளின் வாழ்விடத்தை அவர்களே எடுத்த படம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களிடம் கமரா இல்லை. இன்று கமரா இருக்கிறது. ஆனால் திரையும் அதனுள்ளேயே வந்துவிட்டது. இதுதான் என்னை வருத்துகிறது. தன் இடத்தைத் தானே படமெடுக்கும் வசதி ஒரு மக்கள் கூட்டத்துக்கு முதன்முறையாகக் கிட்டிய அதே நேரத்தில், அவ்விடத்தை அழிக்கும் வசதியும் கூடவே கிட்டியிருக்கிறது.

முகமா பின்னணியா என்ற இந்த எதிர்நிலைதான் பிழையானது என்று தோன்றுகிறது. அதனை மீறியவர்கள் உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியர் பள்ளி வேலையை விட்டு, 1908ஆம் ஆண்டு தொடங்கித் தேசியச் சிறுவர் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுத்தார். தென் கரோலினாவின் பஞ்சாலையொன்றிலே ஒரு சிறுமி நிற்கும் படம் புகழ்பெற்றது. அவளுக்கு ஒரு பக்கம் நூற்பு இயந்திரம் முடிவில்லாத வரிசையாக நீள்கிறது. அவ்வியந்திரத்தை மங்கலாக்கினால் எஞ்சுவது ஓர் அழகிய பெண்குழந்தை. யார் மனத்தையும் அது உறுத்தாது. குழந்தையை மங்கலாக்கினால் எஞ்சுவது ஆலை முதலாளியின் விளம்பரம். இரண்டும் ஒரே சட்டத்துள் தெளிவாக நிற்கும்போதே, இந்த உயரத்துக்கு இந்த இயந்திரமா என்ற கேள்வி எழுகிறது. ஹைன் இன்னொன்றும் செய்தார். இயன்றபோதெல்லாம் பெயரையும் வயதையும் வேலை செய்யும் இடத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே நிலைபெற 1938 வரை ஆயிற்று. படங்கள் மட்டும் அதனைக் கொண்டுவரவில்லை. தொழிலாளர் இயக்கம் கொண்டுவந்தது. ஆயினும் சான்று கேட்டவர்க்குக் காட்டுவதற்கு அவ்வியக்கத்தின் கையில் அப்படங்கள் இருந்தன.

இதற்கு ஹைன் வரை போகவேண்டியதுமில்லை. தமிழில் இலக்கணம் கற்றவன் என்ற முறையில் எனக்கு நினைவு வருவது தொல்காப்பியரின் பகுப்பு. நாம் பின்னணி என்று ஒதுக்கும் நிலத்தையும் பொழுதையும் அவர் முதற்பொருள் என்றார். நிலத்தில் வாழும் மாவும் மரமும் பறையும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் பாட்டிலே பயிலும்போது ஒன்றைவிட ஒன்று சிறந்து, உரிப்பொருளே தலைசிறந்து நிற்கும் என்பதும் அவர் கருத்தே. ஆகவே முகத்துக்கே முதன்மை என்று வாதிப்போர்க்கும் தொல்காப்பியத்தில் இடமுண்டு. ஆனால் சிறப்புடையது உரி என்பதற்காக, முதலையும் கருவையும் புகைமூட்டமாக்கி விடலாம் என்று எந்தப் புலவரும் கொள்ளவில்லை. பாலையின் வெப்பம் தெரியாத இடத்தில் பிரிவின் துயர் தெரியாது. அது போலவே லயத்தின் ஒடுக்கம் தெரியாத படத்தில் அத்தாயின் நிமிர்வும் தெரியாது. அவர் நிமிர்ந்து நிற்பது எதன் முன்னால் என்று தெரிந்தால் அல்லவா, அந்நிமிர்வின் பெறுமதி விளங்கும்? சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு வீடற்றவன் என்று பெயரிட்டது, வீட்டைப் பற்றிய கேள்வியை மனிதனைப் பற்றிய கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது என்று கண்டதனாலேயே என்பேன்.

கலைக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. நம் இரத்தினபுரி மாவட்டம் மண்சரிவுக்குப் பேர்போனது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் சரிவும் எத்தனை குடும்பங்களை விழுங்கின என்பதை இப்பகுதியார் மறக்கமாட்டார்கள். சரிவின் பின் ஓரிடத்திலே நின்று, இங்கே ஒரு கிணறு இருந்தது, அங்கே சுவரில் வெடிப்பு இருந்தது என்று சொல்லும்போது, அதற்குச் சான்றாக ஒரு பிறந்தநாள் படத்தின் பின்புறம் உதவக்கூடும். வீட்டுரிமை கேட்பவர்க்கும் காணி கேட்பவர்க்கும் அவ்வாறே. எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறாய் என்று கேட்கும் அதிகாரியிடம் முகம் மட்டும் சாட்சி சொல்லாது. முகத்தின் பின்னுள்ள சுவர் சொல்லும். அச்சுவரை அழித்துவிட்டு மூலப்படத்தையும் வைத்துக்கொள்ளாதவர், தம் சாட்சியைத் தாமே கலைத்தவராவார்.

சில வாரங்கள் கழித்து வகுப்பிலே இதைப்பற்றிப் பேசினோம். மங்கலாக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று செயல்களை மட்டும் கேட்டுக்கொண்டேன். மாற்றிய படத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். மாற்றாத படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். அச்சிட்டால் பின்புறத்தில் பெயரையும் இடத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். படமெடுக்கும்போது, எடுக்கப்படுபவரிடம், பின்னால் என்ன இருக்கவேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவது கோரிக்கையைக் கேட்டு ஒரு மாணவன் சிரித்தான். “எங்க ஆத்தாகிட்ட கேட்டா மாட்டுப்பட்டி தெரியணும்னு சொல்லும் சேர்” என்றான். வகுப்பே சிரித்தது. அக்கிழவி சரியாகத்தான் சொல்லியிருப்பார். தம் உழைப்பால் உண்டானது எதுவோ அது படத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் அழகியல்.

பின்னணி என்ற சொல்லிலே உள்ள அணி என்பதற்குப் படைவகுப்பு என்றும் பொருளுண்டு. பின்னணியில் நிற்போர் கலைந்தால் முன்னணி நிலைக்காது என்பது போரறிந்தோர்க்குத் தெரியும்.

என் மாணவி தன் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தாள். படத்தை மாற்றவில்லை. மூட்டம் அப்படியே இருந்தது. ஆனால், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதவேண்டும் என்ற என் விதியை அவள் மீறியிருந்தாள். கடைசிப் பத்தியில், படத்தில் தெரியாதவை என்று தலைப்பிட்டு, பன்னிரண்டு காம்பராக்களையும், மழை நாளில் ஒழுகும் இடத்தையும், அங்கே வைக்கும் பாத்திரத்தின் நிறத்தையும், கூடைக் கயிற்றைத் தாய் எந்த ஆணியில் மாட்டுவார் என்பதையும் வரிசையாக எழுதியிருந்தாள். நான் புள்ளி குறைக்கவில்லை.

லயம் நம் வெட்கமன்று. அதைக் கட்டியவர்களின் வெட்கம், இருநூறாண்டு கடந்தும் இடிக்காதவர்களின் வெட்கம். அதனை மங்கச் செய்யவேண்டிய இடம் படமன்று, நாடு. அந்நாள் வரும்வரை, முகமும் லயமும் ஒரே தெளிவோடு நிற்கும் படங்கள் நம்மிடம் இருக்கவேண்டும். அவற்றின் அடியிலே நம் பெயரும் இருக்கவேண்டும்.